பழைய பேட்ச் மட்டும்தான் வேலை செய்கிறது

கேள்வி: பல்கலைக்கழக நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில் பிஎச்.டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஓர் ஒட்டுண்ணியின் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜ் என்ற, கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் போட்டுப் பார்ப்பது என் வேலை. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் போடுகிறேன். முதல் பேட்ச் புரதத்தில் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற அழற்சி சமிக்ஞைப் புரதங்கள் இரண்டும் ஏகமாக வந்தன. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் வந்தது. கைடு சந்தோஷப்பட்டு ஒரு மாநாட்டில் அதைக் காட்டிவிட்டார். புரதம் தீர்ந்துகொண்டே வந்ததால் இரண்டாவது பேட்ச் செய்தேன். இன்னும் சுத்தமாக வரட்டும் என்று நடுவில் ட்ரைடன் எக்ஸ்-114 என்ற சோப்பு மாதிரியான திரவம் கொண்டு ஒரு கழுவல் சேர்த்தேன். புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அழகான ஒற்றைப் பட்டை. ஆனால் செல்கள் அசையவே இல்லை. மூன்றாவது பேட்சும் அப்படித்தான். ஐந்து மாதம் ஓடிவிட்டது. பழைய பேட்ச் 200 மைக்ரோலிட்டர் மிச்சம் இருக்கிறது, மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் செறிவில். அது இன்றும் வேலை செய்கிறது. "மீதிப் படங்களையும் நல்ல பேட்சை வைத்தே முடித்துவிடு, புதுசு சரியான வடிவத்தில் மடங்கவில்லை என்று விட்டுவிடு" என்கிறார் சீனியர். கைடிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரியில் தூக்கம் இல்லை. எலிகளைக் கொல்லும் நாட்களில் சாப்பாடும் இறங்குவதில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை "லாயக்கில்லையோ" என்ற இடத்தில் நின்றேன். இரண்டாம் முறை ட்ரைடனில் நின்றேன். போகிற போக்கில் அரை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஐந்து மாதப் புதிருக்கு விடை அநேகமாக அந்த அரை வரியில்தான் இருக்கிறது. அதனால் தூக்கத்தையும் லாயக்கையும் பின்னால் பார்ப்போம், முதலில் புரதம்.

ட்ரைடன் எக்ஸ்-114 கழுவலை உங்களுக்குச் சொல்லித்தந்தவர் "சுத்தமாக வரும்" என்று மட்டும் சொல்லியிருப்பார். எது போய்ச் சுத்தமாகும் என்று சொன்னாரா? ஈ.கோலையின் வெளிச் சவ்வில் எல்பிஎஸ் என்ற கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறு அப்பிக் கிடக்கிறது. எண்டோடாக்சின் என்று நாம் சொல்வதும் இதைத்தான். பாக்டீரியாவை உடைத்துப் புரதத்தை எடுக்கும்போது இதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். புரதம், அதைப் பிரித்தெடுக்கப் பயன்படும் நிக்கல் மணிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குளிர்ந்த ட்ரைடன் எக்ஸ்-114 விட்டுக் கழுவுவது, பெரும்பாலான ஆய்வகங்களில், இந்த எல்பிஎஸ்ஸை விரட்டத்தான். நீங்கள் தெரியாமலே அதை விரட்டிவிட்டீர்கள். விரட்டியதும் செல்கள் வாய் மூடிக்கொண்டன.

ஜெல்லில் ஒற்றைப் பட்டை வந்ததே என்பீர்கள். நாம் வழக்கமாகப் போடும் நீலச் சாயம் புரதத்தைத்தான் காட்டும், எல்பிஎஸ்ஸைக் காட்டாது. முதல் பேட்சும் ஜெல்லில் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பழைய பேட்சில் புரத எடைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு எல்பிஎஸ் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பாக்டீரியாவில் செய்த புரதத்துக்கு அது பெரிய அழுக்கே இல்லை. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் புரதம் போடுகிறீர்கள் என்றால் கூடவே 10 நானோகிராம் எல்பிஎஸ் போகிறது. மேக்ரோஃபேஜ் ஒரு நானோகிராமுக்கே கூச்சல் போடும். பத்து நானோகிராம் போட்டால் கேட்கவே வேண்டாம். டிஎன்எஃப்பை அளக்கும் எலைசா சோதனைத் தட்டில் நீலம் பொங்கி, அமிலம் விட்டதும் பளீரென்று மஞ்சளாக மாறியிருக்கும். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் நீங்களும் கைடும் மகிழ்ந்தீர்கள்.

"இருக்கலாம்" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் நடுவில் இன்னும் ஒரு தட்டு வேலை பாக்கி. அதற்கு முன், இந்தக் குழியில் விழுந்த முதல் ஆள் நீங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சூடு போன்ற நெருக்கடியில் செல்கள் அதிகம் செய்யும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டுகின்றன, அதுவும் எல்பிஎஸ்ஸை உணரும் அதே டிஎல்ஆர்4 என்ற உணர்வி வாயிலாகத் தூண்டுகின்றன என்று பல நல்ல ஆய்வகங்கள் எழுதின. அழகான கதை அது: அடிபட்ட செல் தன் புரதத்தைக் கசியவிட்டு அபாயச் சங்கு ஊதுகிறது. 2003-ல் காவோ, சான் இருவரும் எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை எல்பிஎஸ் குறைவாக உள்ள வடிவில் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். டிஎன்எஃப் வரவில்லை. அதுவரை தூண்டியது கூட ஒட்டிக்கொண்டு வந்த எல்பிஎஸ் என்று காட்டினார்கள். அபாய சமிக்ஞை என்ற கருத்து அதோடு செத்துப்போகவில்லை, ஆனால் அந்தத் துறையில் வேலை செய்த எல்லோரும் தங்கள் புரதக் குப்பியைத் திரும்ப ஒருமுறை முறைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

என் கதை இன்னும் கேவலம். பிஎச்.டி மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு அற்புதமான ரிசல்ட் வந்தது, என் மேசையில் மட்டும். பக்கத்து மேசைத் தோழி அதே செல், அதே புரதம் வைத்துச் செய்தால் வராது. அவள் கை சரியில்லை என்று நான் நினைத்தேன். வாய்விட்டும் ஒரு முறை சொல்லிவிட்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது: என் பிபிஎஸ் (செல்களுக்கான உப்புக் கரைசல்) பாட்டிலைக் கழுவி, அடியில் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு நீண்ட விடுமுறை முழுக்க விட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. ஆட்டோகிளேவின் நீராவி 121 டிகிரியில் பாக்டீரியாவைக் கொன்றது, எல்பிஎஸ் அப்படியே இருந்தது. கண்ணாடியிலிருந்து அதைப் போக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரமாவது சுட வேண்டும். 0.2 மைக்ரான் வடிகட்டியும் அதைத் தடுக்காது. 'ஸ்டெரைல்' என்று நாம் எழுதி ஒட்டும் பாட்டிலில் உயிர் இருக்காது, அவ்வளவுதான், பிணங்கள் இருக்கலாம். அந்தப் பாட்டில் இப்போது என் மேசையில் பேனா போட்டுவைக்கப் பயன்படுகிறது.

சரி, தட்டுக்கு வருவோம். இதற்கு எலி வேண்டாம். ரா 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் செல் வரிசை உங்கள் ஆய்வகத்திலோ பக்கத்து ஆய்வகத்திலோ கட்டாயம் உறைந்து கிடக்கும், அது எல்பிஎஸ்ஸுக்கு நன்றாகவே கத்தும். உருக்கியதும் முதலில் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்துவிடுங்கள். அது செல்களைத் தொற்றும் குட்டி பாக்டீரியா, வேறொரு திருடன், சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, பெனிசிலினுக்கும் மசியாது. 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு லட்சம் செல், 200 மைக்ரோலிட்டர். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று குழிகள்.

வெறும் மீடியம், அதாவது செல் வளர்க்கும் திரவம், ஒன்று. புரதத்தை மணிகளிலிருந்து இறக்கும் அந்த பஃபர் கரைசல் மட்டும் ஒன்று. இதை நீங்கள் இதுவரை போட்டதே இல்லை என்று சந்தேகிக்கிறேன், கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்தது இன்னும் முக்கியம்: உங்கள் ஜீன் இல்லாத வெறும் பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) உள்ள ஈ.கோலையை, ட்ரைடன் கழுவல் இல்லாத பழைய முறையிலேயே உடைத்து, அதே மணிகளில் ஓட்டி, அதே பஃபரில் இறக்கி எடுத்தது. அதில் உங்கள் புரதம் கிடையாது. செல்கள் அதற்கும் கத்தினால் கதை முக்கால்வாசி முடிந்தது. பிறகு சுத்தமான எல்பிஎஸ் தனியாக, எல்பிஎஸ்ஸைக் கொதிக்கவைத்து, எல்பிஎஸ்ஸோடு பாலிமிக்ஸின் பி என்ற மருந்து சேர்த்து. அதேபோல் பழைய பேட்ச் தனியாக, கொதிக்கவைத்து, பாலிமிக்ஸினோடு. கடைசியில் புது பேட்ச் தனியாக, புது பேட்ச் கூடவே எல்பிஎஸ். ஆக 11 நிலைகள், 33 குழிகள், 33 லட்சம் செல்கள். மாலையில் போட்டால் மறுநாள் காலையில் மேல்நீரை எடுத்து எலைசாவுக்குப் போகலாம்.

கொதிக்கவைப்பது எதற்கென்றால், அரை மணி நேரக் கொதியில் பெரும்பாலான புரதங்கள் உருக்குலைந்துவிடும், எல்பிஎஸ் அவ்வளவாக அசையாது. பழைய பேட்ச் கொதித்த பிறகும் அதே அளவு டிஎன்எஃப் வந்தால் வேலை செய்தது உங்கள் புரதம் இல்லை. பாலிமிக்ஸின் பி எல்பிஎஸ்ஸின் கொழுப்புப் பகுதியைப் பிடித்துக் கட்டிவிடும், அதனால் அது சேர்ந்ததும் டிஎன்எஃப் விழுந்தால் சந்தேகம் இறுகும். இரண்டிலும் ஓட்டை உண்டு. வெப்பத்தைத் தாங்கும் புரதங்களும் இருக்கின்றன. பாக்டீரியாவின் லிப்போபுரதங்கள் டிஎல்ஆர்2 என்ற வேறோர் உணர்வி வழியாகத் தூண்டும், பாலிமிக்ஸின் அவற்றைத் தொடாது. எல்பிஎஸ் அதிகமாக இருந்தால் பாலிமிக்ஸினே திணறும். அதனால்தான் ஒரு சோதனையோடு நிறுத்தாமல் இத்தனை குழிகள். எண்ணாகவும் தெரிய வேண்டுமானால் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து வரும் எல்ஏஎல் சோதனையைப் பழையதிலும் புதியதிலும் செய்து, புரதத்தின் மில்லிகிராமுக்கு எத்தனை எண்டோடாக்சின் யூனிட் என்று நோட்டில் எழுதுங்கள். இனி செய்யும் எந்த பேட்சும் இந்த எண் இல்லாமல் செல்களுக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

மருந்து வேண்டாம், மரபே பேசட்டும் என்றால் சி3எச்/எச்ஈஜே எலிகள் இருக்கின்றன. இவற்றுக்கு எல்பிஎஸ் சுள்ளென்று உறைக்காது என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஏன் என்பதைத் தேடிப் போய்த்தான் 1998-ல் புரூஸ் பாய்ட்லரின் குழு டிஎல்ஆர்4 ஜீனில் ஒற்றை எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தது. 2011 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு வந்தது இதற்காக. அந்த எலியின் மேக்ரோஃபேஜ் உங்கள் பழைய பேட்சுக்கு அமைதியாக இருந்து, சாதாரண எலியின் மேக்ரோஃபேஜ் கத்தினால், கட்டுரையை மதிப்பிடும் எந்த நடுவரும் வாய் திறக்க மாட்டார். ஆனால் இது இரண்டாம் கட்டம். முதல் தட்டில் தெளிவு வந்த பிறகு செய்தால் போதும்.

இப்போது அந்தக் கடைசி நிலை, புது பேட்சோடு எல்பிஎஸ். எனக்கு அதிகம் ஆர்வம் தருவது அதுதான். சேர்க்கச் சொன்னதற்குச் சாதாரணக் காரணம் ஒன்று உண்டு. புது பேட்சில் ட்ரைடன் மிச்சம் இருந்து செல்களையே கொன்றிருந்தால் அப்போதும் டிஎன்எஃப் வராது, நாம் எல்பிஎஸ் போனதால்தான் வரவில்லை என்று தப்பாக நினைத்துக்கொள்வோம். அதனால் செத்த செல்களில் மட்டும் நிறமேற்றும் டிரிப்பான் நீலம் போட்டு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரைடன் கழுவலுக்குப் பிறகு இறங்கிய, புரதம் இல்லாத பஃபரையும் எல்பிஎஸ்ஸோடு வைத்துப் பாருங்கள். 12-வது நிலையாக அது சேரட்டும். இன்னொரு காரணம் கொஞ்சம் ஆசை கலந்தது. செல்கள் உயிரோடு இருந்து, அந்த பஃபரும் நிரபராதி என்று தெரிந்து, அப்படியும் எல்பிஎஸ்ஸுக்கு வழக்கமாக வர வேண்டிய டிஎன்எஃப் புது பேட்ச் முன்னிலையில் குறைந்தால்? உங்கள் புரதம் ஒட்டுண்ணியிலிருந்து வந்தது. ஒட்டுண்ணிகள் வருடக் கணக்கில் உடம்புக்குள் குடியிருக்க வேண்டியவை, மேக்ரோஃபேஜை உசுப்பிவிடுவதைவிட அடக்கிவைப்பதுதான் அவற்றில் பலவற்றுக்கு லாபம். உங்கள் புரதம் அடக்குகிற ரகமாக இருந்தால், பழைய பேட்சில் எல்பிஎஸ்ஸின் இரைச்சல் அதை மூடி மறைத்திருக்கும். இப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. பார்க்காமல் விடாதீர்கள் என்கிறேன்.

வராத ரிசல்ட்டைப் பற்றி நம் துறையிலேயே ஒரு கோழிக் கதை இருக்கிறது. புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், கோழியின் பின்பக்கம் ஃபெப்ரீஷியஸ் பை என்று ஒரு சின்ன உறுப்பு எதற்காக இருக்கிறது என்று தெரியாமல், அதை வெட்டி எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக எதுவும் தெரியவில்லை. டோனி சாங் என்ற சக மாணவருக்கு, ஊசி போட்டால் எதிர்ப்பொருள் உண்டாகும் என்று வகுப்பில் காட்டக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கிடம் கேட்டு வாங்கிப்போனார். சால்மொனெல்லா ஊசி போட்டார். எதிர்ப்பொருள் வரவில்லை. வகுப்புச் சோதனை சொதப்பிவிட்டது என்று அதோடு விட்டிருக்கலாம். எந்தக் கோழியில் வரவில்லை என்று தேடிப் போனார்கள், பை வெட்டப்பட்ட கோழிகள். 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப, 1956-ல் கோழி வளர்ப்பு அறிவியல் இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. எதிர்ப்பொருள் செய்யும் செல்லை பி செல் என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த 'பி' அந்தப் பையின் 'பர்சா' என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது.

அடுத்து உங்கள் கைடு. பலரும் இதில் ஒரே தவறைச் செய்வார்கள்: முழுத் தீர்வோடு போய் நிற்கலாம், அதுவரை சொல்ல வேண்டாம் என்று தள்ளிப்போடுவது. நீங்களும் அதைத்தான் ஐந்து மாதமாகச் செய்கிறீர்கள். தட்டைப் போடும்வரைகூடக் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே சொல்லுங்கள். அவர் அந்த ரிசல்ட்டை மாநாட்டில் காட்டிவிட்டார். இதே நேரத்தில் அதை நம்பி ஒரு நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கலாம், யாருக்காவது கூட்டு ஆய்வு என்று வாக்குக் கொடுத்திருக்கலாம். நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அவர் அந்தத் தரையின் மேல் இன்னொரு மாடி கட்டுகிறார்.

வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைக்க வேண்டாம், தாழ்வாரத்தில் நடந்துகொண்டே சொல்லவும் வேண்டாம். அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு பக்கம் எடுத்துப் போங்கள். முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்: "இரண்டு புது பேட்சிலும் பழைய ரிசல்ட் வரவில்லை. பழையதில் எல்பிஎஸ் இருந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். இதைச் சோதிக்க இந்தத் தட்டை இந்த வாரம் போடலாமா?" அதற்குக் கீழே மூன்று பேட்ச்களின் தேதி, கழுவிய முறை, டிஎன்எஃப் அளவு. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கும் பத்தி வேண்டாம். இது மன்னிப்புக்கான விஷயமும் இல்லை. மாணவர் முதல் ரிசல்ட்டைக் கொண்டுவரும்போது "எண்டோடாக்சின் பார்த்தாயா?" என்று கேட்க வேண்டியது கைடு. அவர் கேட்கவில்லை. நான் கைடாக இருந்தும் இரண்டு முறை கேட்க மறந்திருக்கிறேன்.

கோபப்படுவாரா? முதல் நாள் முகம் சுருங்கும். மாநாட்டில் காட்டியவருக்கு அது இருக்கத்தான் செய்யும். மறுநாளோ அதற்கு மறுநாளோ தட்டைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் நல்ல கைடு. அப்படியில்லாமல் "பழைய பேட்சை வைத்தே முடி" என்று அவரும் சொன்னால் விஷயம் வேறு. அன்று மாலையே, பேசியது என்ன என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆலோசனைக் குழுவில் நம்பிக்கையான ஒருவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நேர்மையைக் கவனிக்கும் பொறுப்பில் உள்ளவரையும். அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன்.

சீனியரிடம் சண்டை போட வேண்டாம், அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஐந்து வருடம் ஆய்வகத்தில் கிடந்து, கட்டுரை வராமல் தவித்தவர்கள் வாயில் இப்படித்தான் வரும். ஆனால் அவர் சொல்வதைச் செய்யாதீர்கள். வேலை செய்யும் பேட்சை மட்டும் வைத்துக்கொண்டு செய்யாததை "மடங்கவில்லை" என்று ஒதுக்குவது, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது மாதிரி. புதுசு மடங்கவில்லை என்பதை யாராவது அளந்து பார்த்தார்களா? ஒளியை வைத்துப் புரதத்தின் மடிப்பைப் பார்க்கும் வட்ட இருநிறமாக்கம் செய்து பார்த்தால் ஒரு மதியத்தில் தெரிந்துவிடும். பழையது, புதியது இரண்டையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளைவு காட்டினால் அந்தச் சாக்கும் போயிற்று.

எலிகள். சாப்பாடு இறங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடத்துக்குப் பிறகும் எனக்கு அந்த நாட்கள் சாதாரண நாட்கள் இல்லை. சுத்தமாக எதுவும் தோன்றவில்லை என்று சொல்லும் மாணவரிடம்தான் நான் கவனமாக இருப்பேன். 1959-ல் ரஸல், பர்ச் இருவரும் விலங்குச் சோதனைக்கு மூன்று வழிகளைச் சொன்னார்கள்: மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. படிவம் நிரப்பும்போது மட்டும் நினைவுக்கு வரும் சமாச்சாரமாக அது ஆகிவிட்டது. உங்கள் விஷயத்தில் அது நேரடியாகப் பொருந்துகிறது. கேள்வி கலங்கலாக இருக்கும்போது பேட்சுக்குப் பேட்ச் எலி எடுத்திருக்கிறீர்கள். செல் வரிசையில் 12 நிலைகளையும் முடித்துவிட்டுப் போனால் பாதி எலிகள் தேவைப்படாது. ஓர் எலியின் இரண்டு தொடை எலும்பு, இரண்டு கால் எலும்பிலிருந்து கோடிக்கணக்கில் மஜ்ஜை செல்கள் வரும். அத்தனையையும் அன்றே வளர்க்க வேண்டியதில்லை, உறையும்போது செல்களைக் காக்கும் டிஎம்எஸ்ஓ சேர்த்துக் குப்பிகளாக உறையவைத்தால் அடுத்தடுத்த சோதனைகளுக்கு அதே எலி போதும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள். மேக்ரோஃபேஜ் வளர்ப்பை எந்தக் கிழமை தொடங்குகிறீர்கள்? கடிதத்தில் இல்லை, ஆனால் தூக்கமில்லாதவர்கள் பெரும்பாலும் வியாழன், வெள்ளியில் தொடங்கி வாரக் கடைசி முழுக்க மீடியம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். செவ்வாயில் தொடங்குங்கள். மூன்றாம் நாள் வெள்ளி, ஆறாம் நாள் திங்கள், ஏழாம் நாள் செவ்வாயன்று செல்கள் தயார். சனி, ஞாயிறு இரண்டும் உங்களுடையவை. எனக்கு இது தெரிய நான்கு வருடம் ஆனது, யாரும் சொல்லவில்லை.

தூக்கத்தை இதோடு விட முடியாது. 2018-ல் 26 நாடுகளில் 2,279 ஆய்வு மாணவர்களிடம் நடத்திய கேள்விப் பட்டியலில் 41 சதவீதம் பேருக்கு நடுத்தரம் முதல் கடுமையான பதற்றம் இருந்ததாக வந்தது, பொது மக்களில் அது 6 சதவீதம். கஷ்டத்தில் இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அதிகம் பதில் எழுதுவார்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். தள்ளி வைத்தாலும் பெரிய எண்தான். கைடிடம் பேசி, தட்டும் முடிந்து, அப்படியும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் மருத்துவரையோ பல்கலைக்கழக மனநல ஆலோசகரையோ பாருங்கள். அதற்கு முன்பே தாங்கவில்லை என்றால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

லாயக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தாளில் வந்த ரிசல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு நான் யாரையும் சேர்த்ததும் இல்லை, அனுப்பியதும் இல்லை. உங்கள் கடிதத்தில் பார்ப்பது இது: பேட்சுக்குப் பேட்ச் என்ன மாற்றினோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. பழையது இன்றும் வேலை செய்கிறதா என்று திரும்பச் சோதித்திருக்கிறீர்கள். புதியதை ஒரு முறை செய்து விட்டுவிடாமல் மூன்றாவது பேட்சும் செய்திருக்கிறீர்கள். சீனியர் சுலப வழி சொன்ன பிறகும் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். என் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் இந்தக் கடிதத்தை விண்ணப்பமாக எடுத்துக்கொள்வேன். பஃபர் கன்ட்ரோல் போடாததற்கு ஒரு திட்டும் விழும், அது வேறு.

இன்று போனதும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. அந்த 200 மைக்ரோலிட்டர் ஒரே குப்பியில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் உருக்கி உறையவைத்துக்கொண்டிருந்தால் இருக்கிற ஒரே சாட்சியும் கலைந்துவிடும். பனிக்கட்டி மேல் மெதுவாக உருக்கி, எண்டோடாக்சின் இல்லாத குப்பிகளில் 20 மைக்ரோலிட்டர் வீதம் பத்தாகப் பிரியுங்கள். குழிக்கு 2 மைக்ரோலிட்டர்தான் தேவை, ஒன்பது குழிக்கு 18. தட்டுக்கு இரண்டு குப்பி, எல்ஏஎல்லுக்கு ஒன்று, வட்ட இருநிறமாக்கத்துக்கு இரண்டு மூன்று. மீதியை மைனஸ் 80-ல் அடியில் வையுங்கள். மூடியில் தேதியும், 'பேட்ச் 1, ட்ரைடன் கழுவல் இல்லை' என்றும், ஆல்கஹால் பட்டால் அழியாத பேனாவில்.